இறுப்பிட்டியில் தவறிய ஒற்று

புங்குடுதீவில் என் பெயரைச் சொன்னால் சிலருக்குத்தான் தெரியும். ‘ஸ்பீக்கர்க்காரர்’ என்றால் குறிகட்டுவான் இறங்குதுறையில் கச்சான் விற்கிறவருக்கும் தெரியும். கலியாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா, வாசிகசாலை ஆண்டு விழா, எதுவென்றாலும் மரத்தில் ஏறிக் கோன் கட்டி, வயர் இழுத்து, மைக்கில் தட்டி ‘ஹலோ’ சொல்வது என் தொழில். 1973இல், பதினாறு வயதில், ஐயாவுக்குப் பின்னால் அம்பிளிபயர் பெட்டியைச் சுமந்துகொண்டு நடக்கத் தொடங்கினேன். இப்போது முழங்கால் மரம் ஏற விடுகிறதில்லை. பெடியன்கள் ஏறுகிறார்கள், நான் கீழே நின்று கத்துகிறேன்.

ராப் உருப்படியான இசையா இல்லையா என்று எழுத உனக்கு என்ன தகுதி என்று வாசிக்கிறவர் கேட்கலாம். நியாயம். சுரம் பிரித்துச் சொல்லத் தெரியாது. ராகம் பத்துப் பன்னிரண்டு மட்டுக்கட்டுவேன். ஆனால் ஒரு வித்துவான் வந்து குந்தி மைக்கைத் தன் பக்கம் இழுக்கிற விதத்திலேயே இன்றைக்குச் சபையைப் பிடிப்பாரா, நித்திரையாக்குவாரா என்று சொல்லிவிடுவேன். ஐம்பது வருடமாக மேடைக்கு முன்னால் இருந்து கேட்கவில்லை, பக்கவாட்டில் இருந்து கேட்கிறேன். பக்கவாட்டில் இருந்தால் பாடகரின் கால் பெருவிரல்கூடத் தெரியும்.

போன ஆவணியில் மகள் குடும்பத்தோடு கனடாவில் இருந்து வந்தாள். பேரனுக்குப் பத்தொன்பது வயது, பிறந்தது ஸ்காபரோவில். தமிழ் விளங்கும், கதைப்பான், எழுதினால் கோழி கிளறின மாதிரி. அவன் ராப் பாடுகிறவன் என்று மகள் போனில் சொல்லியிருந்தாள். சொன்ன விதம், பெடியன் சிகரெட் குடிக்கிறான் என்று சொல்வது போல இருந்தது. வந்து மூன்றாம் நாள் என்னிடம் கேட்டான்: “அம்மப்பா, கோயில் திருவிழாவிலை மேளச் சமா முடிய ஒரு அஞ்சு நிமிஷம் எனக்குத் தருவினமோ?”

கேட்டுப் பார்த்தோம். நிர்வாகத்தில் ஒருவர் முகத்துக்கு நேரே சிரித்தார். “கதைக்கிறதை வேகமாக் கதைச்சாப் பாட்டோ? ராகம் இல்லை, ஒரு ஆலாபனை இல்லை. தூசணமும் துவக்குச் சத்தமும். அதைக் கொண்டு வந்து அம்மாளின்ரை வாசலிலை வைக்கிறதோ?” நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளுக்குள் நானும் அவர் கட்சிதான். எங்கள் வீட்டிலும் இசை என்றால் வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைதான். மகள் நாலாம் தரம்வரை எடுத்தவள், சான்றிதழ் கண்ணாடி போட்டுச் சுவரில் இருந்தது. சுவரோடு போய்விட்டது, அது வேறு கதை.

பெடியன் கோவிக்கவில்லை. பின்னேரம் கிணற்றடியில் இருந்து எனக்கு ஒரு கதை சொன்னான். அதில்தான் நான் விழுந்தேன்.

நியூயோர்க்கில் பிரொங்ஸ் என்றொரு பகுதி. வறுமைப்பட்ட கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோக்காரரும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அங்கே செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கத் தொடர்மாடியில், 1973 ஓகஸ்ட் 11 அன்று, பள்ளிக்கூடம் தொடங்கமுதல் புது உடுப்பு வாங்கக் காசு சேர்க்க ஒரு பெட்டை கீழ்த்தளத்துப் பொது அறையில் கொண்டாட்டம் வைத்தாள். நுழைவுக் கட்டணம் பெட்டைகளுக்கு 25 சதம், பெடியன்களுக்கு 50 சதம். றெக்கோட் போட்டது அவளின் அண்ணன் கிளைவ் கம்பெல், ஜமேக்காவில் பிறந்தவன், பதினெட்டு வயது. கூல் ஹேர்க் என்று பட்டம். தகப்பன் ஒரு வாத்தியக் குழுவுக்கு ஒலிபெருக்கி பார்த்தவர். அந்தப் பெட்டிகளில் மகனும் கை வைத்துப் பழகியவன்.

ஹேர்க் ஒன்றைக் கவனித்தான். பாட்டின் நடுவில் பாடகர் வாய் மூட, மற்ற வாத்தியமெல்லாம் விலக, மேளம் மட்டும் சில விநாடி தனியே ஓடும். அந்த இடம் வந்தால்தான் சனம் எழும்பி ஆடுகிறது. அது முடிந்ததும் சோர்ந்து போகிறது. இவன் ஒரே றெக்கோட்டில் இரண்டு எடுத்து, இரண்டு தட்டில் வைத்து, ஒன்றில் அந்த இடம் முடிய மற்றதில் ஊசியைத் தூக்கி வைத்து, திரும்ப இதில், திரும்ப அதில் என்று அந்தச் சில விநாடியை நிமிடக் கணக்கில் இழுத்தான். இழுத்த மேளத்தின் மேல் ஒருவன் மைக்கைப் பிடித்துக் கூட்டத்தை உசுப்பிக் கதைத்தான். கதை எதுகை பிடித்தது, தாளத்தில் ஏறி உட்கார்ந்தது. 1979இல் ‘ராப்பர்ஸ் டிலைட்’ என்ற இசைத்தட்டு அதை உலகத்துக்குக் கொண்டு போனது. 1982இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் ‘த மெசேஜ்’ வந்தபோது, கொண்டாட்டப் பாட்டு என்று இருந்தது உடைந்த கண்ணாடியும் எலியும் கடன்காரனும் உள்ள குடியிருப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகள் என்று 2002இல் முதல் பட்டியல் போட்டபோது அந்தப் பாட்டையும் அதில் சேர்த்தது.

“அப்ப இது பாட்டுக்காரர் கண்டுபிடிச்சதில்லை. ஸ்பீக்கர்க்காரன் கண்டுபிடிச்சது,” என்றேன்.

“ஓம் அம்மப்பா. உங்கட ஆக்கள்தான்.”

இப்படி ஒரு சொல்லுக்கு ஆள் விழாமல் இருப்பானா? அவன் கெட்டிக்காரன்.

எனக்கும் ஒரு கதை இருந்தது. 1991இல் ஊர் எழும்பியபோது எட்டுக் கோனையும் விட்டுவிட்டு, ஒரு கசற் றெக்கோடரை மட்டும் துவாயில் சுற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போனோம். அங்கே பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, பற்றறி வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவை ரயரில் முட்டவிட்டு, நாலு டயோட்டும் ஒரு கப்பாசிற்றரும் வைத்து றெக்கோடருக்குக் கொடுப்போம். ஒரு ஆள் கையால் பெடலைச் சுற்ற வேண்டும். சுற்றுகிறவர் களைத்தால் சீர்காழி கோவிந்தராஜன் கிணற்றுக்குள் இருந்து பாடுவார். வேகமாகச் சுற்றினால் குருவி மாதிரிக் கீச்சிடுவார். பக்கத்து வீட்டுப் பெடியன்கள் வேண்டுமென்றே சுற்றி நிறுத்தி, திரும்பச் சுற்றி, சொல்லை இழுபடவும் துள்ளவும் வைத்துச் சிரிப்பார்கள். நான் பேசி விரட்டுவேன். பேரனிடம் இதைச் சொன்னதும் அவன் எழும்பி நின்று தலையில் கை வைத்தான். பிரொங்ஸ் பெடியன்கள் இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துச் செய்த வேலையும் இதுதானாம்.

ராகம் இல்லை என்ற அந்தப் பெரியவரின் வழக்குக்கு வருகிறேன். அவர் சொன்னது உண்மை. ராப்பில் பெரும்பாலும் ராகம் இல்லை. ஆனால் அதைச் சொல்ல யாழ்ப்பாணத்தாருக்கு வாய் இல்லை.

எங்கள் நாட்டில் விடியவிடிய மணலில் சப்பாணி கட்டி இருந்து சனம் எதைக் கேட்டது? தவில். நாதஸ்வரக்காரர் ஒதுங்கி இருக்க, நாலு தவில், ஆறு தவில் சுற்றி இருந்து ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்து வாசிக்கும் சமா. அதைக் கேட்க வண்டி கட்டிப் போன ஊர் இது. இணுவிலில் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த வி. தட்சிணாமூர்த்தி 1975இல் நாற்பத்திரண்டு வயது நிறையாமல் காலமானார். அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் கிழவர்கள் துண்டைத் தோளில் இருந்து எடுக்கிறார்கள். அம்ஷன்குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தியாவின் தேசிய விருது கிடைத்தது. என் பதினாலு வயதில், வலிகாமத்துக் கோயில் ஒன்றில், ஐயாவின் அம்பிளிபயருக்குப் பக்கத்தில் இருந்து அவர் வாசித்ததைக் கேட்டேன். அந்த முக்கால் மணித்தியாலத்தில் ஒரு சுரம் கிடையாது. முழுக்கச் சொல். தவில்காரர் தாங்கள் அடிப்பதைச் ‘சொல்’ என்றுதான் சொல்வார்கள். தோலில் சொல் வாசித்தால் அது சங்கீதம், வாயால் சொல்லைத் தாளத்தில் வாசித்தால் சங்கீதம் இல்லையா? கொன்னக்கோல் என்று வாயாலேயே ‘தகதிமி தகஜொணு’ சொல்கிறார்களே, சபா தலையாட்டிக் கேட்கிறதே. அதில் அர்த்தம் உள்ள சொல்லைப் போட்டால் தரம் இறங்கிவிடுமா?

ராப்புக்காக வாதாடும் தமிழர் எல்லாரும் அருணகிரிநாதரை இழுத்துக்கொண்டு வருவார்கள். திருப்புகழின் சந்தம் அப்படி, இழுக்கத்தான் வேண்டும். என்றாலும் எனக்கு நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் கதைதான் கிட்டத்தில் இருக்கிறது. வெளியூரில் இருந்து வந்த புலவர் வில்லவராய முதலியார் வீடு எது என்று தெருவில் விளையாடிய சிறுவனைக் கேட்டாராம். சிறுவன் வாசலில் பொன் பூச் சொரிகிற கொன்றை மரத்தை அடையாளம் வைத்து, நின்ற நிலையில் வெண்பாவாகவே வழி சொன்னானாம். அவன்தான் முதலியாரின் மகன் சின்னத்தம்பி. வழி கேட்டவருக்கு ஒரு மூச்சில் பாட்டாகப் பதில் சொல்வதை இன்றைக்கு ரொறன்ரோவில் ஃப்ரீஸ்டைல் என்கிறார்கள். கையில் எழுதின தாள் இல்லாமல், எதிரே நிற்கிறவனைப் பார்த்து, அந்த இடத்திலேயே எதுகை கட்டுவது.

‘உருப்படியான’, ‘தரமான’ என்ற சொற்களை யார் வைத்திருக்கிறார்கள் என்பதும் பார்க்க வேண்டிய விடயம். அமெரிக்காவில் புலிற்சர் பரிசு என்று ஒன்று. இசைக்கு 1943 முதல் கொடுக்கிறார்கள். 1965இல் நடுவர்கள் ஜாஸ் மேதை டியூக் எலிங்டனுக்குச் சிறப்பு விருது கொடுக்கலாம் என்றார்கள். மேலே இருந்த சபை மறுத்துவிட்டது. அவர் இறந்து இருபத்தைந்து வருடம் கழிந்து 1999இல் அதைக் கொடுத்தார்கள். ஜாஸுக்கு முதன்முதல் அந்த இசைப் பரிசு கிடைத்தது 1997இல், வின்டன் மார்சலிஸுக்கு. 2018இல் கலிபோர்னியாவின் கொம்ப்டன் நகரத்து ராப் பாடகர் கென்ட்ரிக் லமாருக்கு ‘டாம்’ என்ற இசைத்தொகுப்புக்காகக் கொடுத்தபோது, சாஸ்திரிய இசைக்கும் ஜாஸுக்கும் வெளியே அந்தப் பரிசு போனது அதுதான் முதல் தடவை. அன்றைக்குத்தான் ராப் தரமானதாக மாறியதா? முதல் நாள் இருந்ததுதான் அடுத்த நாளும் இருந்தது. வாசலில் நின்றவர் விலகினார், அவ்வளவு.

வாசல் என்றதும் எங்கள் தீவுக்காரருக்கு ஒரு கிணறு ஞாபகம் வரும். புங்குடுதீவில் குடிதண்ணீர் எப்போதும் தட்டுப்பாடு. இன்றைக்கும் பவுசர் வந்தால் குடத்தோடு ஓடுகிறோம். கண்ணகை அம்மன் கோயிலடி நன்னீர்க் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்களும் அள்ள வேண்டும் என்று 1971இல் சத்தியாக்கிரகம் இருந்தார் மு. தளையசிங்கம், எங்கள் ஊர் எழுத்தாளர். பொலிசார் அடித்துக் கொண்டுபோனார்கள். 1973 ஏப்ரலில், பிரொங்ஸ் கொண்டாட்டத்துக்கு நாலு மாதம் முன்னால், முப்பத்தெட்டு வயதில் அவர் காலமானார். அவருடைய ஒரு புத்தகத்துக்குப் பெயர் ‘போர்ப்பறை’. பறை அடித்தவர்களைக் கோயில் வீதிக்கு வெளியே நிறுத்திய ஊரில் இருந்துகொண்டு தன் சிந்தனைக்கு அந்த வாத்தியத்தின் பெயரை வைத்தார். இன்னொன்றுக்கு ‘மெய்யுள்’. கவிதை, கதை, கட்டுரை என்று பிரித்து வைத்த வேலிகளை உடைத்து ஒரு புது உருவம் வேண்டும் என்று அதில் கேட்டவர். அவரைப் படித்தேன் என்று பெருமை பேச மாட்டேன், பாதி விளங்கவில்லை. ஆனால் ‘இது பாட்டா, பேச்சா, கவிதையா, எந்தப் பெட்டிக்குள் போடுவது’ என்று ராப்பைப் பார்த்து ஆட்கள் முழிக்கும்போது அவர் ஞாபகம் வருகிறது.

சு. வில்வரத்தினமும் எங்கள் ஊர்தான். ஆள் எழும்பிப் போன தீவின் வெறுமையை ‘காற்றுவெளிக் கிராமம்’ என்று எழுதியவர். அவர் கவிதையை வாசிக்க மாட்டார், பாடுவார். கேட்டவர்கள் இப்போதும் அந்தக் குரலைத்தான் முதலில் சொல்கிறார்கள், வரிகளைப் பிறகுதான். அளவெட்டிக் கவிஞர் மஹாகவி செய்யுளின் அடிகளைப் பேச்சோசை விழுகிற இடத்தில் முறித்து எழுதினார். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் உள்ள அந்த ஒற்றையடிப் பாதை ஈழத்தில் எப்போதோ போட்டாயிற்று என்று சொல்ல வருகிறேன்.

தமிழில் ராப் என்றால் எங்கள் வயதுக்காரருக்கு முதலில் கேட்டது 1994இல் ‘காதலன்’ படத்துப் ‘பேட்டை ராப்’. அதை நான் எத்தனை கலியாண வீட்டில் போட்டிருப்பேன்! ஆனால் படத்துக்கு வெளியே, தன் காலில் நிற்கும் தமிழ் ராப்பை மலேசியாக்காரர்தான் வளர்த்தார்கள். யோகி பியும் நட்சத்ராவும் 2006இல் கொண்டுவந்த ‘வல்லவன்’ தொகுப்பை இங்கே பெடியன்கள் கசற்றும் சீடியும் தேயக் கேட்டார்கள். அதற்கு முந்தின வருடம் லண்டனில் ‘அருளர்’ வந்துவிட்டது. மாதங்கி அருள்பிரகாசம், உலகத்துக்கு எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, பத்துப் பதினொரு வயதில் போருக்குத் தப்பித் திரும்பிப் போனவர். முதல் தொகுப்புக்குத் தகப்பனின் இயக்கப் பெயர், 2007இல் வந்த இரண்டாவதுக்குத் தாயின் பெயர், ‘கலா’. அந்த இரண்டாவதில் உறுமி மேளம் கேட்கும். சென்னையில் மேளக்காரரை வைத்துப் பதிவு செய்தது. பேரன் போட்டுக் காட்டினான். ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டில் துவக்குச் சத்தமும் காசுப் பெட்டி திறக்கிற சத்தமும் தாளமாக விழுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. துவக்குச் சத்தத்தை நாங்கள் வேறு மாதிரிக் கேட்டவர்கள். ஆனால் உறுமி வந்த பாட்டை இரண்டு தரம் போடச் சொன்னேன்.

2021இல் தீ, அறிவு என்ற இருவர் பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ இங்கே மீன் வாடிவரை ஒலித்தது. எல்லாரும் துள்ளினார்கள். அதற்குள் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு இந்தியாவுக்குத் திரும்பிய ஒரு பாட்டியின் கதை இருக்கிறது என்று எத்தனை பேர் கவனித்தார்களோ. அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளை நினைத்து எழுதியது. ஒப்பாரி மெட்டு ஆட்டப் பாட்டுக்குள்ளே வந்து குந்தியிருக்கிறது.

என் பேரனுக்குக் குரு மாதிரி ஒருவர் இருக்கிறார், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறு வயதில் கனடா போன ஷான் வின்சன்ட் டி போல். யாஞ்சன் என்ற மிருதங்கக்காரரோடு சேர்ந்து ‘மிருதங்கம் ராப்ஸ்’ என்று செய்கிறார். வேறு ஒன்றும் இல்லை, ஒரு மிருதங்கம், ஒரு வாய். ஆங்கிலம்தான், எனக்குப் பாதி விளங்காது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தபோது கை தானாகத் தொடையில் தாளம் போட்டது. அதைப் பேரன் பார்த்துவிட்டான்.

குறையும் சொல்ல வேண்டும். இன்றைக்கு வருகிற தமிழ் ராப்பில் முக்கால்வாசி ‘நான் பெரியவன், நீ யார்’ என்ற வீரப்பிரதாபம். பெண்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி. யாழ்ப்பாணத்துப் பெடியன் வாயைத் திறந்தால் வடசென்னைத் தமிழ் வருகிறது, படத்தில் பார்த்துப் பழகியது. ‘வாறன்’, ‘போட்டு வாறன்’, ‘எங்கை போறாய்’ என்று வெட்டி வெட்டி விழுகிற எங்கள் பேச்சில் ராப்புக்கென்றே செய்து வைத்த மாதிரி ஒரு நடை இருக்கிறது. அதை விட்டுவிட்டு இரவல் சட்டை போடுகிறார்கள். மற்றவன் பாட்டை வெட்டி ஒட்டுகிறார்கள் என்பதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். எங்கள் கோயில் பக்திப் பாட்டுக் கசற்றில் பாதி சினிமா மெட்டு, அதை நான்தான் போடுகிறேன்.

கோயிலில் கிடைக்காவிட்டாலும், வாசிகசாலை ஆண்டு விழாவில் பேரனுக்கு ஆறு நிமிடம் கொடுத்தார்கள். பேச்சுப் போட்டிக்கும் பரிசளிப்புக்கும் நடுவில். கோயிலுக்கு வந்திருந்த தவில்காரர் ஒருவர், எழுபது தாண்டியவர், பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதென்று வந்து முன் வரிசையில் வெற்றிலையோடு இருந்தார். நான் நெஞ்சு இடிக்க மிக்ஸருக்குப் பின்னால்.

பெடியன் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்தான். அப்படிப் பிடித்தால் அடித்தொண்டைச் சத்தம் தடித்து வரும், ‘ப’ வருகிற இடமெல்லாம் காற்று இடிக்கும். எங்கள் பேச்சாளர்கள் அப்படிச் செய்தால் நான் போய் ஒரு சாண் இழுத்து வைப்பேன். இவன் தெரிந்து செய்தான். ‘ப’ இடிக்கிற இடங்களில் முகத்தை ஒரு விரல் அளவு திருப்பினான், தேவையான இடத்தில் திருப்பாமல் இடிக்க விட்டான். அது மேளத்தோடு மேளமாக விழுந்தது. நான் இறக்க என்று வைத்திருந்த கையை எடுத்துவிட்டேன்.

பாட்டு எங்கள் ஊரைப் பற்றி. வாணர் பாலத்தில் அடிக்கிற காற்று, கூரை இல்லாத வீடு, உவர்க் கிணறு, பூவரசு. நடுவில் தாய் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்த குறிச்சிப் பெயர்களை அடுக்கினான். பஸ் போகிற வரிசை இல்லை, அவன் காதுக்கு வந்த வரிசை: மடத்துவெளி, ஊரதீவு, வல்லன். இறுப்பிட்டி, பெருங்காடு, ஆலடி. இதை நாலு தரம், ஒவ்வொரு தரமும் கொஞ்சம் வேகம் கூட்டி. பின் வரிசையில் ஒரு கிழவி “எடி, எங்கட ஆலடி” என்றது மைக்கிலேயே விழுந்தது.

முடிந்து எல்லாரும் கை தட்டினார்கள். கனடாவில் இருந்து வந்த பிள்ளைக்குத் தட்டுவார்கள்தானே, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. தவில்காரர் எழும்பி வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

“உங்கட பேரனோ? நடுவிலை திஸ்ரம் போட்டவன், கேட்டனீங்களோ? மூண்டு மூண்டாப் போய் வந்து நாலிலை விழுந்தவன். ஆர் சொல்லிக் குடுத்தது?”

“ஒருத்தரும் இல்லை அண்ணை. கேட்டுப் பழகினது.”

“ம். ஒரு இடத்திலை ஒண்டு விழுந்திட்டுது. பிறகு பிடிச்சிட்டான்.” சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. ஐம்பது வருடத்தில் எத்தனையோ மேடை பார்த்தேன். மேடையில் நடந்ததைப் பார்த்து ஒரு தவில் வித்துவான் ‘ஒன்று விழுந்துவிட்டது’ என்று சொன்னால் அவர் அதைத் தன் கணக்கில் எடுத்துவிட்டார் என்று அர்த்தம். அரசியல்வாதி பேசும்போது அவர் விரல் மடக்குவதில்லை.

பதிவை ஹெட்போனில் போட்டு நாலு தரம் கேட்டேன். ஐந்தாம் தரம் பிடிபட்டது. தாளத்தில் ஒற்று ஏறிய எழுத்தும் நெடிலும் இரண்டு இடம் பிடிக்கும், தனிக் குறில் ஒரு இடம். மடத்துவெளிக்கு ஆறு. ஊரதீவுக்கு ஆறு. வல்லனுக்கு நாலு. மொத்தம் பதினாறு, ஒரு வரி நிறைந்தது. இறுப்பிட்டிக்கு ஆறு, பெருங்காட்டுக்கு ஆறு, ஆலடிக்கு நாலு. திரும்பப் பதினாறு. எங்கள் ஊர்க் குறிச்சிகளுக்குப் பெயர் வைத்தவர்கள் தாளம் போட்டுப் பார்த்தா வைத்தார்கள்? பெடியன் வாயால் உருட்டி உருட்டி அந்த வரிசையைக் கண்டுபிடித்திருக்கிறான். மூன்றாம் சுற்றில் வேகம் ஏறியபோது ஸ்காபரோ நாக்கு ‘இறுபிட்டி’ என்று சொல்லிவிட்டது. ஒரு ‘ப்’ போனது. ஆறு ஐந்தாயிற்று, பெருங்காடு முந்தி விழுந்தது. ஆலடிக்கு முன்னால் ஒரு துளி மூச்சு எடுத்து, விழ வேண்டிய இடத்தில் சரியாக விழுந்திருக்கிறான்.

அவர்கள் திரும்பிப் போய் இரண்டு கிழமை கழித்து வட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். மூன்றாம் சுற்று, இறுப்பிட்டி என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“எனக்குத் தெரியும் அம்மப்பா. ஒருத்தரும் பிடிக்கேல்லை எண்டு நினைச்சன். நீங்களோ பிடிச்சனீங்கள்?”

“நானில்லை. அந்தத் தவில்காரர்.”

“அவரோ?” சத்தம் மாறியது. “இப்ப சொல்றன், கேளுங்கோ. இறுப்பிடி.”

“இல்லை, இப்ப ‘ட்’டை விட்டிட்டாய்.”

“இறுபிட்டி.”

“முதலிலை ‘ப்’. உதட்டை மூடு. மூடி ஒரு இடம் நில்லு. பிறகு திற.”

“இறுப்… பிட்டி.”

“திரும்ப,” என்றேன், தொடையில் கையை வைத்துக்கொண்டு.